வகுப்பறையில் விவாதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் உயர்நிலை வகுப்புகளுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளும் வரலாறு தேர்வோடு மறந்துபோகும் என்றும், மாணவர்கள் தங்களுக்குள் பேசி, வாதிட்டுக் கற்பதே மனத்தில் நிற்கும் என்றும் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த ஊக்கத்தில் இந்த ஆண்டு குழுக் கற்றலையும் விவாதத்தையும் முயன்று பார்த்தேன். இரண்டும் எனக்குச் சரிவரவில்லை.

நாற்பது பேரை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, குறிப்பெடுத்து வந்து வகுப்பின் முன்னால் சொல்லும்படி கேட்டேன். எல்லாக் குழுவிலும் நடந்தது ஒன்றுதான். ஒருவர் எழுதினார், ஒருவர் எழுந்து வாசித்தார், மற்ற மூவரும் வேறு பேச்சில் இருந்தார்கள். சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு வீசியது சரியா, தவறா என்று விவாதம் வைத்தேன். 'சரி' என்ற அணியில் இருந்த மாணவன் ஒருவன் மிக நன்றாகப் பேசக்கூடியவன். எதிரணியினர் வாய் திறப்பதற்குள் மடக்கிவிடுவான். வகுப்பே கைதட்டியது. அவன் அணி வென்றதாக நானும் அறிவித்தேன். மணி அடித்த பிறகு ஒரு மாணவி, புத்தகப் பையை அணைத்துப் பிடித்தபடி என் மேசைக்கு அருகில் வந்து, "அப்படியென்றால் குண்டு போட்டது சரிதானா, டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த முறைகள் நன்றாகப் படிக்கும் சிலருக்கு மட்டுமே உரியவையா? நான் பழையபடி பாடம் நடத்தப் போய்விடலாமா? இத்தகைய கேள்விகளில் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா, கூடாதா? நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்களில் நான்கைந்து முறை படித்துவிட்டேன். தோல்வியை இவ்வளவு நேர்மையாகவும் விவரமாகவும் எழுதும் ஆசிரியர்கள் குறைவு. நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு வகுப்புகளிலும் தவறியது மாணவர்களும் அல்லர், நீங்களும் அல்லர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தவறியது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணியின் அமைப்பு. என்னுடைய அந்தக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் குறை. அதை இங்கே ஈடுகட்ட முயல்கிறேன்.

முதலில் குழுவைப் பார்ப்போம். ஒரு பகுதியைப் படித்துக் குறிப்பெடுத்து வா என்பது ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்து முடித்துவிடக்கூடிய வேலை. அத்தகைய வேலையை ஐந்து பேரிடம் கொடுத்தால், அந்த ஐவரில் யாருக்கு அது எளிதோ அவர் செய்வார், மற்றவர்கள் விலகி நிற்பார்கள். இது சோம்பலால் வருவது என்று நான் நினைக்கவில்லை. தன் பங்கு தேவைப்படாத இடத்தில் மனிதர்கள் இயல்பாகவே கையை எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளில் இதை அளந்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கிடைத்த விசை, அந்த எட்டுப் பேரின் தனித்தனி வலிமையைக் கூட்டினால் வரவேண்டியதில் ஏறக்குறைய பாதிதான். கைகள் ஒருங்கிணையாததும் அதற்கு ஒரு காரணம், இன்னொருவர் இழுத்துக்கொள்வார் என்ற எண்ணமும் ஒரு காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வளர்ந்தவர்களின் கயிற்றிலேயே இப்படி என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைகளின் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே குழுப் பணியை வகுக்கும்போது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது இல்லாமல் இந்த மாணவரால் இந்த வேலையை முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது குழுப் பணி அன்று, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுச் செய்யும் தனிப் பணிதான். சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த பள்ளிகள் அப்போதுதான் ஒன்றாக்கப்பட்டிருந்தன. வகுப்புகளில் பகைமை நிறைந்திருந்தது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் பத்துக் கைகள் உயர்வதையும், ஒருவரை அழைத்ததும் மற்றவர்கள் அவர் தவறாகச் சொல்லவேண்டும் என்று காத்திருப்பதையும் அவர் கண்டார். அவர் செய்தது எளிய காரியம். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவருடைய துண்டு மற்றவரிடம் இராது. முழுப் பாடம் வேண்டுமானால், நேற்றுவரை கேலி செய்த மாணவனையே பொறுமையாகக் கேட்டாக வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் படம் ஆக்கும் விளையாட்டின் பெயரால் அது இன்றும் ஜிக்சா முறை என்றே அழைக்கப்படுகிறது.

இதில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசான் உரைத்ததைக் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு புலமைதான் என்கிறார். இன்னொரு கால் பங்கு உடன் பயில்வோருடன் பழகுவதால் வருகிறது. எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைகிறது. எடுத்துரைப்பதற்கு அவர் அளித்திருக்கும் பங்கைக் கவனியுங்கள். உங்கள் வகுப்பில் எழுந்து வாசித்த எட்டுப் பேருக்கு அந்த அரைப் பங்கில் கொஞ்சம் கிடைத்திருக்கும், மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் அதற்கான வாய்ப்பே அமையவில்லை.

நீங்கள் எடுத்துக்கொண்ட ஹிரோஷிமாவையே வைத்துக்கொண்டு, நான் பணியில் இருந்த காலத்தில் பலமுறை செய்து திருத்திக்கொண்ட முறையைச் சொல்கிறேன். முதல் பாடவேளையை நானே எடுத்துக்கொள்வேன். 1945 கோடைக்காலத்தில் பசிபிக் போர் எந்த நிலையில் இருந்தது, நேச நாடுகள் ஜூலை 26-இல் விடுத்த போட்ஸ்டாம் அறிவிப்பு ஜப்பானிடம் என்ன கேட்டது, நவம்பர் 1-இல் ஜப்பானின் கியூஷு தீவில் இறங்க அமெரிக்கப் படை எவ்வாறு திட்டமிட்டிருந்தது, ஆகஸ்ட் 6, 8, 9, 15 ஆகிய நாட்களில் என்னென்ன நடந்தன என்பதைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவேன். மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். பாடம் நடத்துவதை விட்டுவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஒன்றும் தெரியாமல் விவாதிக்க உட்காரும் பிள்ளைகள் வீட்டில் கேட்டதையும் எங்கோ பார்த்ததையும்தான் திரும்பச் சொல்வார்கள்.

அந்தப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம், உயிர் பிழைத்த ஒருவரின் சாட்சியத்தை வகுப்பு முழுவதும் மௌனமாகப் படிக்கும். 1945-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த ஒரு நகரத்தில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்பதையும் அப்போது சொல்வேன். அந்தச் சாட்சியத்தை எந்த அணிக்கும் ஆதாரமாகக் கொடுக்க மாட்டேன். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் பாடவேளையில் ஐவர் கொண்ட எட்டுக் குழுக்கள். ஆளுக்கு ஒரு தாள், ஐந்தும் வெவ்வேறு ஆவணங்களின் சுருக்கம். முதல் தாள், அணுகுண்டுத் திட்டத்தில் ஈடுபட்டிருந்த சிகாகோ ஆய்வகத்து அறிவியலாளர்கள் ஜேம்ஸ் பிராங்க் தலைமையில் 1945 ஜூன் 11-இல் எழுதிய அறிக்கை: குண்டை முதலில் மனிதர் இல்லாத பாலைவனத்திலோ தரிசுத் தீவிலோ வெடித்து உலகுக்குக் காட்டுங்கள் என்று அது கேட்டது. இரண்டாவது, அதே திட்டத்தின் முன்னணி அறிவியலாளர்களான ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, காம்ப்டன், லாரன்ஸ் ஆகிய நால்வர் ஜூன் 16-இல் அளித்த பரிந்துரை: போரை முடிக்கக்கூடிய செயல்விளக்கம் எதையும் தங்களால் முன்வைக்க முடியவில்லை, நேரடி இராணுவப் பயன்பாட்டுக்கு ஏற்கத்தக்க மாற்று தெரியவில்லை என்றது. மூன்றாவது, ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் தோகோ ஜூலை நடுவில் மாஸ்கோவில் இருந்த தம் தூதருக்கு அனுப்பிய தந்தி: போரை முடிக்க விருப்பம் உண்டு, நிபந்தனையற்ற சரணடைவு என்ற வற்புறுத்தலே தடை என்பது அதன் சாரம். அமெரிக்கர்கள் அதை இடைமறித்துப் படித்துவிட்டார்கள். நான்காவது, அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்த ஸ்டிம்சன் பிற்பாடு எழுதிய விளக்கம்: படையெடுத்திருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உயிரிழப்பும் காயமும் நேரக்கூடும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அதில் எழுதினார். ஐந்தாவது, அமெரிக்க அரசே அமைத்த குண்டுவீச்சு மதிப்பாய்வுக் குழுவின் அறிக்கை: அணுகுண்டு இல்லாமலும் ஜப்பான் அந்த ஆண்டு முடிவதற்குள் உறுதியாகவும், பெரும்பாலும் நவம்பர் 1-க்கு முன்பாகவும் சரணடைந்திருக்கும் என்பது அதன் முடிவு.

குழுவில் உட்காருமுன், ஒரே தாளை வைத்திருப்பவர்கள் தனியாகக் கூடிப் படிக்க வேண்டும். எட்டுப் பேர் ஒரே இடத்தில் கூடினால் மறுபடியும் இருவர்தான் பேசுவார்கள் என்பதால், அவர்களை நால்வர் நால்வராகப் பிரித்துவிடுவேன். மெல்லப் படிக்கும் மாணவர்களுக்கு இந்தப் பதினைந்து நிமிடம் பெரிய துணை. புரியாததை அங்கே கேட்டுத் தெளிந்துகொண்டு, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தம் குழுவுக்குத் திரும்பும்போது அவர்களிடம் மற்ற நால்வருக்கும் வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும். இந்த முறை நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்டவரையில் அதிகம் பயன்பெற்றவர்கள் மற்றவர்கள்தான்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குழுவில் நன்றாகப் பேசும் மாணவன் ஒருவனிடம் ஸ்டிம்சனின் தாள் வந்திருந்தது. "பத்து லட்சம் பேர்! இதற்கு மேல் என்ன பேச்சு இருக்கிறது?" என்று தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் இருந்த மாணவி அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் தானாக வாய் திறந்து பேசியதில்லை. அவள் குனிந்து அவன் தாளின் ஓரத்தைப் பார்த்து, "உன் தாளில் தேதி என்ன?" என்று கேட்டாள். அவன் கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். 1947 பிப்ரவரி. "குண்டு போட்டது 1945. இது போட்ட பிறகு எழுதியது" என்றாள். பிறகு தன் தாளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னுடையதும் அப்படித்தான், 1946" என்றாள். அதன் பிறகு அந்தக் குழுவில் ஐந்து பேரும் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆவணம் எப்போது, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அந்த வகுப்பில் அதற்கு முன் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அன்று அவள் தன் வாதத்துக்குச் சாதகமான தாளையும் அதே கேள்விக்கு உட்படுத்தியதைப் பார்த்தபோதுதான், நான் சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்பது எனக்கே முழுதாக விளங்கியது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். உங்கள் விவாதத்தில் எனக்குத் தெரியும் சிக்கலும் குழுவில் கண்ட அதே சிக்கல்தான். அங்கே குழுவில் இருந்தவர்களுக்கு ஒருவர் மற்றவரிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. இங்கே அணியில் இருந்தவர்களுக்கு எதிரணியின் வாதம் தேவைப்படவில்லை, அதை மடக்கினால் போதும் என்றிருந்தது. வெற்றி தோல்வி அறிவிக்கப்படும் விவாதத்தில் எதிராளி சொல்வதை ஒருவன் கேட்பது, அதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான். பேச்சுப் போட்டிக்கு அது பொருந்தும், அதற்கென்று ஒரு மதிப்பும் உண்டு. ஆனால் வரலாற்றைப் புரிந்துகொள்ள வந்த வகுப்பில் அதன் விளைவு நீங்கள் கண்டதுதான்: யார் நன்றாகப் பேசினார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, எது நியாயம் என்ற கேள்விக்கான விடையாகப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மாணவி மட்டும் இரண்டும் வேறு என்று உணர்ந்து உங்களிடம் வந்திருக்கிறாள். அன்றைய வகுப்பில் மிக நன்றாகச் சிந்தித்தவள் அவள்தான் என்று எனக்குப் படுகிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த ஒரு முறையை நீங்கள் முயன்று பார்க்க வேண்டும். நால்வர் ஒரு குழு. இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். முதலில் ஒவ்வோர் இணையும் தன் பக்கத்தை ஆதாரத்தோடு எடுத்துரைக்கும், மற்ற இணை குறிப்பெடுக்கும். பிறகு கேள்வியும் மறுப்பும். அதன் பிறகு பக்கம் மாறவேண்டும். சற்று முன் எதிர்த்துப் பேசியதை இப்போது ஆதரித்து, முடிந்தவரை வலுவாகப் பேசவேண்டும். கடைசியில் இரண்டு பக்கத்தையும் கைவிட்டுவிட்டு, நால்வரும் சேர்ந்து தாங்கள் ஒத்துக்கொள்ளக்கூடியது என்ன என்று எழுதவேண்டும். பக்கம் மாறப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், எதிரில் இருப்பவர் சொல்வதை முதல் நிமிடத்திலிருந்தே கவனமாகக் கேட்டாக வேண்டியிருக்கிறது. இதில் நான் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன். பக்கம் மாறிப் பேசியவர் முடித்ததும், முன்பு அந்தப் பக்கத்தில் இருந்தவர், "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபடி சொல்லவேண்டும். உங்கள் வகுப்பில் எல்லோரையும் மடக்கிய அந்த மாணவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அவனுடைய திறமையை அடக்க வேண்டிய தேவையும் இல்லை, அவனை அதைவிடக் கடினமான வேலையில் ஈடுபடுத்தினால் போதும். மடக்கிப் பேசுவதைவிட, மறுதரப்பார் தலையசைக்கும்படி அவர்களின் வாதத்தைச் சொல்வது பல மடங்கு கடினம்.

விவாதத்துக்கு வைக்கும் கேள்வியின் சொற்களில் நிறையக் காலம் செலவழியுங்கள். 'சரியா, தவறா' என்ற கேள்வி மிக அகலமானது. அதில் உணர்ச்சியும் பேச்சு வன்மையும் ஆதாரத்தை முந்திவிடும். நான் வைத்த கேள்வி இது: 1945 ஜூலை இறுதியில், அன்று தெரிந்திருந்தவற்றை மட்டும் கொண்டு பார்த்தால், முன்கூட்டியே ஒரு செயல்விளக்கம் காட்டாமல் ஒரு நகரத்தின் மீது குண்டு வீசுவது என்ற முடிவு ஏற்கத்தக்கதா? இப்படிக் கேட்டவுடன், 1946-இலும் 1947-இலும் எழுதப்பட்ட தாள்களைப் பயன்படுத்தலாமா என்பதே ஒரு வாதமாகிவிடும். ஓப்பன்ஹைமர் உள்ளிட்ட நான்கு அறிவியலாளர்களின் பரிந்துரையின் கடைசிப் பத்தியில், அரசியல், சமூக, இராணுவச் சிக்கல்களைத் தீர்ப்பதில் தங்களுக்குத் தனித் தகுதி ஏதும் இல்லை என்று அவர்களே எழுதியிருப்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சத்தமாக வாசிப்பார். நான் அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுவேன். அதைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி அவர்களுக்குரியது.

எல்லாவற்றையும் விவாதத்துக்கு வைத்துவிடவும் கூடாது. ஒரு பேரழிவு நடந்ததா இல்லையா என்பது, ஆதாரம் மலைபோல் இருக்கும்போது, விவாதப் பொருள் ஆகாது. அடிமை முறை சரியா என்று இரண்டு அணி பிரிப்பது ஒரு பக்கத்துப் பிள்ளைகளை இழிவான ஒன்றை ஆதரித்துப் பேசவைக்கும், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு சில பிள்ளைகளின் மனத்தைக் காயப்படுத்தும். அடிமைகளாகவும் எசமானர்களாகவும் நடிக்கச் சொல்வதும் அப்படித்தான். ஆனால் 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, எசமானர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கிவிட்டு, அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு காசும் தரவில்லை. அந்த இழப்பீடு இல்லாமல் சட்டம் நிறைவேறியிருக்குமா, அந்த விலை கொடுத்தது ஏற்கத்தக்கதா என்பது உண்மையாகவே நல்ல மனிதர்கள் முரண்படக்கூடிய கேள்வி. அடிமை முறை கொடியது என்பதில் ஐயம் எழுப்பாமலேயே மாணவர்கள் அதை விவாதிக்க முடியும்.

பேசாத மாணவர்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, என்றாலும் கடிதத்தின் அடியில் அந்தக் கவலை இருப்பதாக உணர்கிறேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வியாளர் தம் ஆய்வுகளில் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டினாலே விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். செய்து பாருங்கள், மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு எவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது என்பது அப்போதுதான் தெரியும். நான் அதையும் தாண்டி, எந்த விவாதத்துக்கு முன்பும் மூன்று நிமிடம் எல்லோரும் எழுதட்டும் என்று விட்டுவிடுவேன். எழுதியதை வாசிப்பது, திடீரென்று பேசுவதைவிட எளிது. ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் சொன்ன இன்னொன்றும் எனக்குப் பலமுறை பயன்பட்டிருக்கிறது. குழுவில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு என்பது குழு கூடுவதற்கு முன்பே பிள்ளைகளின் மனத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அதை மாற்ற, மதிப்பில்லாதவராக நினைக்கப்படும் மாணவர் உண்மையிலேயே செய்த ஒரு நல்ல செயலை, எல்லோரும் கேட்கும்படி, குறிப்பாக எடுத்துச் சொல்லவேண்டும். "நன்று" என்ற பொதுப் பாராட்டு பயன்படாது. "தேதியைப் பார்க்க வேண்டும் என்று முதலில் கேட்டது இவர், அதனால்தான் இந்தக் குழுவின் முடிவு மாறியது" என்று சொன்னால் அந்த மாணவரை அடுத்த முறை மற்றவர்கள் கேட்பார்கள். சொல்வது உண்மையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். தொடக்க ஆண்டுகளில் குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டுவந்தேன். ஒரு மாணவி விடைத்தாளோடு வந்து, "மூன்று இரவு உட்கார்ந்து நான் எழுதினேன் ஐயா, என் பெயரை எழுதும் இடத்தில் அவர்கள் பெயரையும் எழுதினேன், அவ்வளவுதான் அவர்கள் செய்தது" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அன்றிலிருந்து குழுவில் பேசிப் படிப்பதற்கு மதிப்பெண் கிடையாது, அதன் பிறகு ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து எழுதும் ஒரு பக்கத்துக்குத்தான் மதிப்பெண். அந்தப் பக்கத்தில் தன்னுடைய தாளில் இல்லாத, மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்ட குறைந்தது இரண்டு ஆதாரங்களாவது இருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அடுத்த முறை தொடங்கும் முன் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் போய், இன்று இந்த வேளையில் இப்படி ஒன்று செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஒருமுறை வந்து பார்க்கும்படி அழையுங்கள். பாடத்திட்டம் முடியாதே என்ற கவலை நியாயமானது. நான் சொன்ன முறைக்கு நான்கு பாடவேளை ஆகும். ஆண்டுக்கு மூன்று பாடங்களுக்கு மேல் நான் இப்படிச் செய்ததில்லை. மற்ற நாட்களில் பாடம் நடத்தினேன், இடையில் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னேன், அவ்வளவுதான். மாணவரை மையமாகக் கொண்ட வகுப்பு என்றால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேலை வகுப்புக்கு முந்தைய நாளுக்கு இடம் மாறுகிறது, அளவிலும் கூடுகிறது. அந்த ஐந்து தாள்களைப் பிள்ளைகள் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கி எழுத எனக்கு முதல் முறை ஒரு வாரம் ஆயிற்று.

உங்கள் கருத்தைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மேற்கு ஜெர்மனியில், நாஜி ஆட்சியின் நினைவு மறையாத ஒரு சமூகத்தில், அரசியல் கல்வியாளர்கள் 1976-இல் பாய்டல்ஸ்பாஃக் என்ற ஊரில் கூடி இதைப் பற்றி ஆலோசித்தார்கள். அங்கிருந்து மூன்று கொள்கைகள் உருவாயின. ஆசிரியர் தன் கருத்தால் மாணவரைத் திணறடித்து, அவர் தாமாக முடிவெடுக்க முடியாமல் செய்துவிடக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் முரண்பாடாக இருப்பது வகுப்பறையிலும் முரண்பாடாகவே காட்டப்பட வேண்டும். ஓர் அரசியல் சூழலைத் தன் நிலையிலிருந்து ஆராய்ந்து அதில் செயலாற்றும் திறன் மாணவருக்கு வாய்க்க வேண்டும். முதலாவதைச் சிலர், ஆசிரியர் வாயே திறக்கக் கூடாது என்று பொருள்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விவாதம் நடக்கும்போது நான் என் கருத்தைச் சொல்வதில்லை, சொன்னால் அதன் பிறகு அவர்கள் எனக்காகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். எல்லோரும் எழுதிக் கொடுத்த பிறகு யாராவது நேராகக் கேட்டால் சொல்வேன். எந்த ஆதாரம் என்னை அங்கே கொண்டுபோனது, எந்த ஆதாரம் இன்னும் என்னை உறுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஹிரோஷிமாவைப் பொறுத்தவரை, முன்னெச்சரிக்கையாக ஒரு செயல்விளக்கம் காட்டும் வழியை அவர்கள் மிக விரைவாகக் கைவிட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அதே சமயம், போரை நீட்டித்திருந்தால் ஆசியா முழுவதும் ஆக்கிரமிப்பின் கீழ் நாள்தோறும் இறந்துகொண்டிருந்த மக்களைப் பற்றி எனக்கு எளிதான பதில் இல்லை. இதை இப்படியே மாணவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்த மாணவிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. காலம் கடந்துவிடவில்லை. அடுத்த வகுப்பில், அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் கேட்ட கேள்வியை அவள் சொன்ன சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். சென்ற விவாதத்தில் யார் வென்றார்கள் என்று நான் அறிவித்தது இந்தக் கேள்விக்கு விடை ஆகாது, அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்று வகுப்பிடம் சொல்லுங்கள். பிறகு ஐந்து தாள்களையும் கொடுங்கள். நான் பயன்படுத்திய சுருக்கங்கள் பழைய கோப்பில் இருக்கின்றன, இந்த வாரத்துக்குள் அவற்றைத் தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். உங்கள் மாணவர்களுக்கு ஏற்றபடி சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், தேதிகளை மட்டும் தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அப்படியே விட்டுவிடுங்கள்.

அன்புடன்.